செடிகளுக்கு ஊர் கேட்கும் அம்மாள்

சுவரோரம் நிற்கிற செடியில் ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து பார்த்துக்கொண்டேதான் பரிபூரணத்தம்மாள் எந்த வீட்டிலும் பேச்சை ஆரம்பிப்பார். "இது போன தடவை வந்தப்ப இல்லையே, யாரு கொண்டாந்தா?" என்பார். வீட்டுக்காரி யோசித்துப் பதில் சொல்வதற்குள் குடை சுவரில் சாய்ந்துவிடும். துணிப்பையிலிருந்து நோட்டுப் புத்தகம் வெளியே வந்துவிடும். பென்சில் முனை நாக்கில் ஒரு முறை நனைந்துவிடும். "ஒங்க நாத்தனாரா? அவியள எந்த ஊருல கெட்டிக் குடுத்திருக்கு? சேத்தூரா? சரி, அவிய மாமியா வீட்டுக்கு இது எங்கருந்து வந்துச்சாம்?"

இந்த விசாரணைக்கு யாரும் அவரை நியமிக்கவில்லை. அவருடைய உத்தியோகம் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது. மிஷன்காரர்கள் 'பைபிள் உமன்' என்கிறார்கள். ஊரார் வாயில் அது 'வேதக்காரம்மா'. ஸ்ரீவில்லிபுத்தூரில் புறப்பட்டு ராஜபாளையம், சோழபுரம், வத்திராயிருப்பு என்று இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறார். பஸ் வந்த பிறகும் நடைதான். பஸ்ஸில் உட்கார்ந்தால் வேலியோரம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிடுகிறதாம். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். கரையில்லாத வெள்ளைச் சேலை, ஆணி அடித்த செருப்பு, கையில் ஒரு பித்தளைக் கூஜா. கழுத்திலும் தலையிலும் ஒன்றும் கிடையாது. "இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை வேதத்தில் சேர்த்தீர்கள்?" என்று ஒரு நாள் வம்புக்குக் கேட்டேன். "ஒருத்தரு. அவரும் பொறவு திரும்பிப் போயிட்டாரு" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். "நோட்டில் எத்தனை செடி?" என்றேன். "நானூத்திப் பதினேழு" என்று உடனே பதில் வந்தது.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு சண்டையில். நான் சர்வே இலாகாக்காரன். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், என் தகப்பனார் திவசத்தன்று, கொல்லைப்புறச் சந்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "உள்ள வரல தாயி. இன்னிக்கு என்னென்ன காய் சமைக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போயிருதேன்." என் மனைவி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. ஈர வேஷ்டியோடு கொல்லைக்குப் பாய்ந்து போய், "பித்ரு காரியம் நடக்கிற வீட்டில் உமக்கு என்ன அம்மா கேள்வி?" என்றேன்.

அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "கோவிச்சுக்கிடாதீங்க சாமி. வாழைக்கா உண்டு, பாவக்கா உண்டு, பெரண்டத் தொவையல் உண்டு. மிளகு உண்டு, மிளகா கிடையாது. உருளைக்கெழங்கு கிடையாது, தக்காளி கிடையாது, கோசு கிடையாது. சரிதானா? ஏன் கிடையாதுன்னு கேட்டிருக்கீங்களா?"

"சாஸ்திரம்" என்றேன்.

"சாஸ்திரந்தான். அதை வச்சவியளுக்கு மிளகா தெரியாது. ஒங்க பாட்டன், பூட்டன், அவியளுக்கும் மேல உள்ளவிய, அம்புட்டுப் பேரும் ருசி பாத்தது மிளகுதான். தெரியாத பண்டத்தை எலையில வச்சா யாரு தின்பா? அதான் வைக்கல."

சிறு வயதிலிருந்து திவசச் சாப்பாடு சாப்பிடுகிறவன் நான். இந்தச் சீமையின் பழைய காய்கறி எது, நடுவில் கப்பலேறி வந்தது எது என்பதற்கு என் வீட்டு இலையிலேயே ஜாபிதா இருக்கிறது என்பது எனக்குத் தோன்றியதில்லை. கொல்லைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு அவருடைய நோட்டைப் பல தடவை வாங்கிப் படித்திருக்கிறேன். லத்தீன் பேர் ஒன்றும் அதில் கிடையாது. செடியின் பேர், யார் வீடு, யார் கொண்டுவந்தது, எங்கிருந்து, எப்போது. 'எப்போது' என்பதற்கு அம்மாள் தனியாக ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறார். வீட்டுப் பெண்களுக்கு வருஷத்தின் எண் நினைவிருக்காது. அந்த வருஷம் என்ன நடந்தது என்பது நன்றாக நினைவிருக்கும். ஆகவே நோட்டில் 'தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்', 'விஷக்காய்ச்சல் வருஷம்', 'ரயில் வந்த வருஷம்' என்றுதான் எழுதியிருக்கும். சப்பாத்திக்கள்ளியைத் தின்பதற்கென்று சர்க்கார் வெள்ளைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டு, கண்மாய்க்கரை கண்மாய்க்கரையாகக் கள்ளி வெந்து விழுந்ததே, அதுவும் ஒரு வருஷக் கணக்கு.

ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீடுகளுக்குப் போகும்போது அம்மாளிடம் உள்ள தெலுங்கு இரண்டே வார்த்தை: "எவரு தெச்சாரு?" யார் கொண்டுவந்தது என்று அர்த்தம். அங்கே வரும் பதிலில் அவருக்கு முக்கால்வாசி புரியாது. 'அத்த' என்றால் மாமியார் என்பது மட்டும் தெரியும். "அது போதும் சாமி. செடி கொண்டாரது பாதிக்கு மேல மாமியாதான்" என்பார். மீதிப் பாதியில் பட்டாளத்துக்காரர்கள் உண்டு. வத்திராயிருப்பு மலைச்சாமி, ஜெர்மன் சண்டை முடிந்து பஸ்ராவிலிருந்து திரும்பியபோது மடியில் முடிந்து வந்த பேரீச்சங்கொட்டை இன்று கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஒரு பழம் கொடுத்ததில்லை. ஆனாலும் நோட்டில் அதற்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.

சிவன் கோயில் நாகலிங்க மரத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பூவுக்குள் லிங்கமும் அதற்குமேல் நாகமும் குடை பிடிக்கிற மரம் நம் தேசத்தைத் தவிர வேறெங்கே முளைக்கும் என்று மடக்கினேன். "தாலாட்டுல வருதா சாமி? ஒப்பாரியில வருதா? எந்த வைத்தியனாவது அதுல பட்டை உரிச்சிட்டு வரச் சொல்லுதானா? பேரு மட்டும் பெரிசா இருக்கு. வந்து ரொம்ப நாளாகலை" என்றார். பாளையங்கோட்டையில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிற ஒரு சிநேகிதருக்குக் கடுதாசி போட்டுக் கேட்டேன். அமெரிக்கா கண்டத்து மரம் என்று பதில் வந்தது. எனக்கு இரண்டு நாள் சாதம் இறங்கவில்லை.

இதற்காக அவரைப் பெரிய மேதாவி என்று யாராவது சொன்னால் அம்மாளுக்குப் பிடிக்காது. அவரும் தப்புச் செய்திருக்கிறார். ஒரு புல்பூண்டை 'மலையிலேயே பிறந்தது' என்று எழுதிவிட்டு, அது ரயில் பாதைக்குக் கொட்டிய சரளைக்கல்லோடு வந்தது என்று பின்னால் தெரிந்ததும், முன்பு யார் யாரிடம் அதைச் சொன்னாரோ அத்தனை வீட்டுக்கும் நடந்தார். ஒரு வாரம் பிடித்தது. "நான் சொன்னது தப்பு. அது வந்ததுதான்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தப் பெண்களில் பலருக்கு எந்தப் பூண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

இப்படிப்பட்டவரைத் தனக்குச் சாட்சியாகக் கூப்பிட்டாள் அங்காளம்மாள். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு தவிக்கிற விதவை. செண்பகத்தோப்பில், மலையடிவாரத்தில், அவளுடைய மாமனார் குடும்பம் வீடு கட்டிப் பயிர் செய்த மூன்று ஏக்கர் நிலம் உண்டு. நாற்பது வருஷத்துக்கு முன் மலைக்காய்ச்சலில் அந்த வீட்டில் நாலு பேர் போய்விட, மீதிப் பேர் சோழபுரத்துக்கு ஓடிவந்துவிட்டார்கள். நிலம் புதராகிவிட்டது. பிறகு காட்டிலாகா எல்லை போட்டபோது அந்த இடமும் காட்டோடு சேர்ந்துபோயிற்று. வீட்டில் இருந்த தீர்வை ரசீதுகளைக் கரையான் தின்றுவிட்டது. புருஷன் இறந்தபின் வேறு பிழைப்பு இல்லாமல் அங்காளம்மாள் அங்கே மண்வெட்டியோடு போனாள். காட்டுக் காவல் கார்டுகள் தடுத்துவிட்டார்கள். 'அது ஆதியிலிருந்து காடு, அங்கே எவரும் குடியிருந்ததில்லை' என்பது காட்டிலாகாவின் கட்சி. எல்லை போடுவதற்கு முன்பே வீடு இருந்ததென்று காட்டினால் நிலத்தை விட்டுவிடலாம். காட்ட முடியாவிட்டால் அவளுக்கு அந்த மூன்று ஏக்கரும் இல்லை. ரேஞ்சர் பால்துரை ஒரே ஒரு தரம் நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதாக ஒப்புக்கொண்டார். அளப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

தை மாதம். வண்டியை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் போனோம். அங்காளம்மாளின் கொழுந்தன் கண்ணுச்சாமி முன்னால் நடந்தான். அவனுக்கு அன்று என்னவோ அளவுக்கு மீறின உற்சாகம். ரேஞ்சரும் வேதக்காரர், சாட்சியும் வேதக்காரி, ஆகவே காரியம் பழம் என்று வண்டியிலேயே என் காதில் ஓதினான். நிலத்தில் கால் வைத்ததும் ஓடிப்போய் ஒரு கொய்யாச் செடியைக் காட்டினான். ஆளுயரம் இருந்தது. அடியில் சருகு குவிந்திருந்தது.

"பாருங்கய்யா. எங்க பாட்டன் காலத்துக் கொய்யா. வெட்டி வெட்டித் தழைச்சிருக்கு. காட்டுல கொய்யா மொளைக்குமா? வீடு இருந்த இடம்ங்கதுக்கு இதைவிட என்ன வேணும்?"

ரேஞ்சர் பரிபூரணத்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அம்மாள் குனிந்து சருகைக் கையால் ஒதுக்கினார். குடைக்கம்பியின் நுனியால் வேரடியைக் கொஞ்சம் கிளறி, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலால் தேய்த்தார். பிறகு இரண்டடி தள்ளி இன்னொரு சிட்டிகை எடுத்தார். நிமிர்ந்து கண்ணுச்சாமியைப் பார்த்தார்.

"தம்பி, இது சோழபுரத்து மண்ணுல்லா?"

கண்ணுச்சாமியின் முகம் கறுத்துவிட்டது. "ஏம்மா, ஒங்களை யாரு பக்கம் பேசக் கூட்டியாந்திருக்கு?"

"உள்ளதைச் சொல்லக் கூட்டியாந்திருக்கு" என்றார் அம்மாள். ரேஞ்சரிடம் கையை விரித்துக் காட்டினார். "ஐயா, வேரைச் சுத்தி ஒட்டியிருக்கது கரிசல். இந்த இடம் செம்மண்ணு. போன வாரம் தோண்டிக் கொண்டாந்து வச்சிருக்காங்க. இதை நீங்க எழுதாதீங்க."

ரேஞ்சர் நோட்டைப் பட்டென்று மூடினார். "இவ்வளவுதானா? ஒரு செடியைத் திருட்டுத்தனமா வைக்கிறவங்க சொல்ற மத்த எதை நான் நம்பணும்?"

அங்காளம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி, எங்கிட்டக் கேட்டியால நீ? இப்ப எம்பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?" என்று கொழுந்தனைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது நன்றியல்ல. உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கும் அம்மாள்மீது ஆத்திரமாகத்தான் இருந்தது. ஒரு ஏழையின் நிலம். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எந்த வேதம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

"செத்த நேரம் குடுங்கய்யா" என்று ரேஞ்சரிடம் கேட்டார் அம்மாள். பதிலுக்குக் காத்திராமல் உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்தார். முள் சேலையைப் பிடித்து இழுத்தது. அங்காளம்மாள் எழுந்து பின்னாலேயே ஓடி, "அம்மா, அந்தா கொடுக்காப்புளி நிக்கி பாருங்க. எங்க மாமனார் காலத்து மரந்தான், சத்தியமா" என்று கெஞ்சினாள்.

"இருக்கும் தாயி. ஆனா அதோட விதையக் கிளி கொண்டாந்து போட்டுரும். வீடு இருந்தாலும் மொளைக்கும், இல்லாட்டியும் மொளைக்கும். அது சாட்சி சொல்லாது."

அங்காளம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். புளியமரத்தைக் காட்டினாள், அம்மாள் தலையை ஆட்டிவிட்டார். குரங்கு தின்று போட்டிருக்கும். சீத்தாவைக் காட்டினாள்; அதற்கும் அதே பதில். பதினைந்து நிமிஷம் போயிருக்கும். ரேஞ்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அளவுச் சங்கிலியைச் சுருட்டும்படி என் ஆட்களிடம் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் புதரின் நடுவிலிருந்து அம்மாளின் குரல் வந்தது. "ஐயா, கொஞ்சம் வாங்க."

என் தொடைப் பருமன் அடிமரத்தோடு ஒரு நந்தியாவட்டை நின்றிருந்தது. உண்ணிச்செடி அதன்மேல் ஏறிப் படர்ந்து பாதியை மூடியிருந்தது. அந்த இருட்டிலும் ஏழெட்டுப் பூக்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அம்மாள் ஒன்றைப் பறித்து ரேஞ்சரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதழை எண்ணிப் பாருங்கய்யா. அடுக்கு நந்தியாவட்டை. மலைமேல நம்ம பக்கத்து நந்தியாவட்டை உண்டு, அது ஒத்தைப் பூ. அது காய்க்கும், காய் வெடிச்சா உள்ள செவப்பா இருக்கும், குருவி கொத்திக்கிட்டுப் போகும். இந்த அடுக்கு காய்க்காது. வெதையே கிடையாது. கிளியும் கொண்டாராது, கொரங்கும் கொண்டாராது, காத்துலயும் வராது. கொம்பு ஒடிச்சு ஒரு ஆளு கையால ஊணினாத்தான் உண்டு. பால் வடியும், அதனால ஆடு மாடு கடிக்கல, மானு கடிக்கல. இங்க ஒரு பொம்பளை இருந்திருக்கா. சாமிக்கோ தலைக்கோ பூ வேணும்னு நட்டிருக்கா. நட்டு எம்புட்டு நாளிருக்கும்னு மரத்தைப் பாத்து நீங்களே சொல்லுங்க."

ரேஞ்சர் அடிமரத்தைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். கார்டைக் கூப்பிட்டுச் சுற்றியிருந்த புதரை வெட்டச் சொன்னார். நாலாவது வெட்டில் அரிவாள் கல்லில் பட்டுச் சத்தம் வந்தது. வெட்ட வெட்ட, வரிசையாக அஸ்திவாரக் கல் தெரிந்தது. வடக்கு மூலையில் ஒரு ஆட்டுக்கல், பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. அங்காளம்மாள் அதன் குழியில் கையை விட்டு மண்ணை அள்ளி அள்ளி வெளியே போட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அந்தக் கொய்யாவைப் பொய்யின்னு சொன்னாங்களே, அதே வாய் கூப்பிட்டதாலதான் நான் இந்தப் புதருக்குள்ள வந்து பாத்தேன்" என்று ரேஞ்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு உரத்த குரலில், "சர்வேயர் சார், சங்கிலியை இந்த மரத்திலேருந்து போடுங்க. மூணு ஏக்கரையும் காட்டெல்லைக்கு வெளியில காட்டி எழுதப் போறேன்" என்றார். நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதுவதை நடுவில் நிறுத்தி, கண்ணுச்சாமியைப் பார்த்து, "முதல்ல அந்தக் கொய்யாவைப் பிடுங்கி எறி" என்று அதட்டினார்.

கண்ணுச்சாமிக்கு அவமானம். விறுவிறுவென்று போய் ஒரே இழுப்பில் செடியைப் பிடுங்கினான். கரிமண் உருண்டையோடு அதைப் பாதையோரம் வீசிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு கல்லின்மேல் போய் உட்கார்ந்தான். நான் அளவு வேலையில் இறங்கிவிட்டேன். வேலை முடியும்போது உச்சி வெயில். அங்காளம்மாள் எல்லோருக்கும் கும்பிடு போட்டாள். அம்மாளின் காலைத் தொடப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

வண்டியில் ஏறி ரேஞ்சரும் நானும் காத்திருந்தோம். வேதக்காரம்மாவைக் காணவில்லை. இறங்கித் திரும்பி நடந்தேன். பாதையோரம் வாடிக் கிடந்த கொய்யாவை எடுத்துக்கொண்டு அவர் நிலத்துக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். பழைய குழியிலேயே அதை நிறுத்தி, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினார். கல்லின்மேல் உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமி தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"தம்பி, இது யாரு வீட்டுக் கொய்யா?"

"எங்க கிணத்துமேட்டுல நின்னது" என்றான் அவன்.

"கொண்டாந்தது நீயி. என்னிக்கு வச்ச?"

"செவ்வாக்கெழமை."

அம்மாள் பென்சிலை நாக்கில் நனைத்து அதை எழுதிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் வேரடி மண்ணைச் சுற்றிலும் மிதித்தார். பிறகு கூஜாவின் மூடியைத் திருகித் திறந்து, அன்று காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.